வாசிப்பு நிலையைக் குறிக்கப் பொதுவான ஓர் அட்டை: அனுபவமுள்ளோர் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் அரசுத் தொடக்கப் பள்ளியும், மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர் குழுவும், ஊர்ப்புற நூலகமும் சேர்ந்து, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவ முன்வந்திருக்கின்றன. நோக்கம் ஒன்றுதான், அளவுகோல்தான் ஆளுக்கொன்றாக இருக்கிறது.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, பள்ளியில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தன்னார்வலர்களோ, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முன்முயற்சியில் 2005இல் தொடங்கிய, பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை அளக்கும் அசர் (ASER) ஆய்வின் முறையைப் பின்பற்றி, எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலையிலான பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையிலான கதை என்ற படிகளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். நூலகத்தில் இருப்பவை ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்திலிருந்து அச்சிட்ட கதைகள். திறந்த உரிமம் கொண்டவை என்பதால் அச்சிடத் தடையில்லை, ஆனால் அவற்றுக்கு வேறு நிலைகள். ஆகவே, பள்ளியில் மொட்டு என்று குறிக்கப்பட்ட பிள்ளைக்கு எந்த அடுக்கிலிருந்து புத்தகம் தருவது என்று நூலகர் கேட்டால், எங்களில் எவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

இம்மூன்றையும் இணைக்கும் எளிய அட்டை எதையேனும் நீங்கள் பயன்படுத்தியிருந்தால், அதன் மாதிரியைப் பிள்ளைகளின் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே பகிர வேண்டுகிறேன். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பதிவேட்டு வேலை அதிகம் என்பதால், அட்டையை யார் நிரப்புவது, எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பதையும் சேர்த்துத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.