மறுமொழி: நிப்பின் ‘டைன்’ – கவையா, அலகா, காலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேனா உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொல் தேடித் தொகுக்கும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் மழை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. இன்றுதான் குன்னூர் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, எழுத உட்கார்ந்தேன்.

மைப்பேனா நிப்பின் நடுவே ஒரு வெட்டு ஓடி, முன்பாதியை இரண்டாகப் பிரிக்கிறது. அந்த இரண்டில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் டைன் என்று பெயர். தமிழில் இதுவரை வந்தவை பல், கவை, அலகு, ‘முட்பிளவுக் கூறு’. கடைசியானதை முன்மொழிந்த ஐயா மன்னிக்க வேண்டும். பேனா கீழே விழுந்து நிப்பு வளைந்த ஆத்திரத்தில் இருப்பவன் வாயில் அது வராது.

கவை எனக்கும் பிடித்த சொல். இசைக்கவையைப் பள்ளியில் தட்டிப் பார்க்காதவர் யார்? ஆனால் கவை என்றால் பிரிந்து நிற்கும் முழுப் பொருள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்ல ‘கவையின் புயம்’ என்று இன்னொரு சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். அலகு பறவை மூக்கை நினைவூட்டுகிறது, அழகுதான். அறிவியல் தமிழில் அலகு என்றால் மீட்டரும் கிலோகிராமும் ஆயிற்றே, நிப்பின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லும்போது ‘அலகின் அலகு’ என்று வந்து நிற்கும். பல் சீப்புக்குச் சரி. பல் உடையும், விழும். நிப்பில் நடப்பது வளைவது.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் என் எபொனைட் (கெட்டி ரப்பர்) பேனா மேசையிலிருந்து உருண்டு சிமென்ட் தரையில் முனை குத்தி விழுந்தது. எடுத்து எழுதிப் பார்த்தேன். இடமிருந்து வலம் ஒழுங்காக ஓடியது, திரும்பி வருகையில் தாளைப் பிறாண்டியது. தமிழ் எழுத்து இதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ‘ண’வின் மூன்று சுழியிலும் பேனா எல்லாத் திசைக்கும் திரும்பியாக வேண்டுமே.

பஜாரில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸைச் செருகி, நிப்பை நேர் எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு கால் ஏறி நிக்குது சார், தட்டிவிட்டாப் போதும்” என்றார். அவ்வளவுதான். நாம் மூன்று நாளாகத் தேடிய சொல்லை அவர் மூன்று விநாடியில் போட்டுவிட்டார்.

ஏறி நின்ற காலை மேலிருந்து நகத்தால் அழுத்திப் பிடிப்பார், விட்டுப் பார்ப்பார், மறுபடி அழுத்துவார். ஒரே அழுத்தில் சரி செய்ய ஆசைப்பட்டால் கால் மறுபக்கம் இறங்கிவிடுமாம். இடையில் மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டுக்குள் ஓட்டி, காய்ந்த மையை எடுத்தார். பள்ளியில் நாங்கள் இதற்கு அரை பிளேடைத்தான் நுழைப்போம். பாதி நிப்புகள் செத்தது அதனால்தான்.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொரு குறைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “அழுத்தி எழுதினா கால் விரிஞ்சிரும்.” இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும், நடுவில் மட்டும் சந்து. குறுகிய சந்தில் மை தானே இழுபட்டு ஓடும் நுண்புழை ஏற்றத்துக்கு இடைவெளி குறுகலாக இருக்க வேண்டும். சந்து அகன்றால் மை முனைவரை வராமல் நடுவழியில் நின்றுவிடும். இதைச் சரிசெய்ய ஒரு காலை மற்றதன் மேல் லேசாக ஏற்றிப் பிடித்து, பிறகு மாற்றி ஏற்றிப் பிடித்து, மெல்ல நெருக்கிக் கொண்டுவருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘மிஸ்அலைன்ட்’, ‘ஸ்ப்ரங்’ என்று இரண்டு தனிச் சொற்கள். நமக்கு ஏறுகால், விரிகால். விளக்கமே வேண்டாம், சொல்லே நோயைச் சொல்லிவிடுகிறது.

கால் மடங்கி, உலோகத்தில் கோடு விழுந்துவிட்டால் வைத்தியம் வீண். நிப்பை மாற்ற வேண்டியதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய சைக்கிள் டியூப் துண்டால் நிப்பையும், அதன் அடியில் ஒட்டியிருந்து மை கொண்டுவரும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். புது நிப்பு அதே அளவில் இருந்தாலும் நாக்கோடு ஒட்டி உட்காராவிட்டால் மை சரியாக இறங்காது. எபொனைட் நாக்கு என்றால் சுடுதண்ணீரில் காட்டி, இளகியதும் நிப்போடு சேர்த்து அழுத்திப் படியவைக்கலாம். பிளாஸ்டிக் நாக்கில் இந்த வேலை வேண்டாம்.

நாக்கு என்றதும் நினைவு வந்தது. ‘ஃபீட்’ என்பதற்கு இங்கே ஒருவர் ‘மையூட்டி’ என்று எழுதியிருந்தார். குன்னூர்க்காரனுக்கு அதைப் படித்தால் பஸ் போர்டு மாதிரி இருக்கிறது, அடுத்து ‘வழி: வெலிங்டன், அருவங்காடு’ என்று வரும்போல. நாக்கு ஏற்கெனவே வழக்கில் இருக்கும்போது ஊட்டி எதற்கு?

‘கால் என்றால் உடம்பின் கால், காற்று, துணைக்கால் எல்லாம் குழம்புமே’ என்று கேட்பீர்கள். கட்டில் காலைப் பார்த்து யாரும் உடம்பின் கால் என்று நினைப்பதில்லை. வடிவியல் பெட்டியில் இருக்கும் கவராயத்துக்கும் இரண்டு கால்தான். துணைக்கால் குழப்பம் வேண்டுமானால் ரசிக்கத்தக்கது: இந்தக் கால் சரியில்லாவிட்டால் அந்தக் காலை எழுத முடியாது.

மலைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு சொல்லையும் பதிந்துவிடுகிறேன். நேரே மை ஊற்றும் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால், குன்னூர் வருவதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதி மை இருக்கும் பேனாவில் காற்று அதிகம், ஆகவே தொல்லையும் அதிகம். இதை எங்கள் வீட்டில் ‘பேனா கக்கிடுச்சு’ என்போம். பர்லியாரிலேயே கக்கிய பேனாவால் நான் இழந்த வெள்ளைச் சட்டைகள் இரண்டு.

சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர்பெற்ற சாத்தூர் பேனா நிப்புக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே நிப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது குழுவில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அவர்கள் சொல் வேறாக இருந்தால் என் ‘கால்’ பின்வாங்கிக்கொள்ளும்.

நடுவிலுள்ள ‘ஸ்லிட்’டுக்கு நானே ஒரு சொல் வைத்திருந்தேன்: வகிடு. இரண்டு பக்கமும் படிய வாரிய தலையில் நேராக ஓடும் கோடு. இரண்டு நாள் அதை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். லென்ஸைக் கழற்றாமலே, “அது வெட்டு சார்” என்றார். தொகுப்பில் வெட்டு என்றே போடுங்கள்.