தென்காசி மாவட்டக் கிராமவாரி மக்கள்தொகை எங்கே கிடைக்கும்?

கேள்வி: 2011 சென்சஸில் தென்காசி மாவட்டமே காணோம். கிராமவாரியாக எழுத்தறிவு, தொழில் விவரம் வேண்டும்.

பதில் 1: தென்காசி 2019-ல்தான் தனி மாவட்டமாச்சுங்க. திருநெல்வேலிக்குக் கீழே தேடுங்க. சென்சஸ் தளத்தில் மாவட்டக் கையேடு இருக்கும். ‘பி’ பகுதியில் வீடுகள், ஆண், பெண், 0-6 வயதுக் குழந்தைகள், எஸ்சி, எஸ்டி, எழுத்தறிந்தோர், விவசாயி, விவசாயக் கூலி எல்லாம் கிராமவாரியாக வரும். பள்ளி, பஸ், குடிநீர் வசதிக்கு ‘ஏ’ பகுதி.

பதில் 2: ஒன்று கவனிங்க. அதில் கிராமம்னா வருவாய் கிராமம். ஊராட்சி எல்லையோடு அப்படியே பொருந்தாது. குக்கிராமப் பெயர் போட்டால் கிடைக்காது, தாய்க் கிராமத்தைப் பாருங்க. எழுத்தறிவு வீதம் கணக்கிடும்போது 0-6 வயதினரைக் கழித்துவிட்டு வகுக்கணும். பலர் இதைத்தான் மறக்கிறாங்க, வீதம் குறைவாக வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: மதவாரி விவரம்?

பதில் 1: அது சி-1 அட்டவணை. தாலுகா, நகர அளவோடு நின்றுவிடும், கிராமத்துக்குக் கிடையாது.