டெப்பட் சத்தம் எண்டு சொன்னாங்கள், கடைசியில கேம்: உங்களுக்கும் நடந்ததா?

வெள்ளவத்தை மைனர்:
மொரிஸ் மைனர், 1098 சிசி. கேம் எண்டா வால்வுகளைத் திறக்கிற மேடுகள் (லோப்) இருக்கிற தண்டு, அந்த மேட்டில ஏறி இறங்கித் தள்ளுற துண்டுதான் டெப்பட். வால்வ் இடைவெளி, அதான் கேப், 0.012 இன்ச் சரியா வைச்சும் டிக் டிக் நிக்கேல்ல. கொழும்புக் காலி வீதியில இழுவையே இல்லை, காபரேட்டருக்குள்ள டப் டப் எண்டு திருப்பி அடிக்குது. கராஜில பொயின்ட், கண்டென்சர், காபரேட்டர் கிட் எண்டு மாத்தி மாத்திக் காசு வாங்கினதுதான் மிச்சம். எஞ்சினுக்கு மேல இருக்கிற ரொக்கர் கவரைக் கழட்டி, ஹேண்டிலால மெல்லச் சுத்திப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நாலாவது வால்வ் முழுசா இறங்கி ஏறுது. பக்கத்தில அஞ்சாவது, அதுவும் எக்ஸோஸ்ட்தான், லேசாத் தலையாட்டிப்போட்டு நிக்குது! எரிஞ்ச புகை வெளிய போகேலாமல் காபரேட்டர் பக்கம் வந்திருக்கு. பக்க மூடியால டெப்பட்டை எடுத்தா அடியில குழி, நகம் மாட்டுது. கேப் பார்க்கிறது லோபின்ர முதுகில, தேய்ஞ்சது வால்வைத் தூக்கிற மூக்கு. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில எப்பிடித் தெரியும்?

டிஎக்ஸ் வேகன்:
என்ட கொரோல்லாவிலயும் இதேதான். கம்ப்ரஷன் நல்லாக் காட்டினதால கராஜ் பாஸ் கேமை சந்தேகிக்கவே இல்லை. குற்றம் ஒயில்ல. 2004ல எஸ்எம் எண்ட ஒயில் தரம் வந்தபோது, புகையைச் சுத்தமாக்கிற கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்காக, தேய்மானத்தைத் தடுக்கிற ஃபொஸ்பரஸை 0.08 வீதத்துக்குக் குறைச்சிட்டாங்க. பழைய கேமுக்கு அது போதாது.

கொட்டாஞ்சேனை:
தம்பி, அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஒயிலுக்கு. மைனருக்கு ஊத்துற 20டபிள்யூ-50க்கு இல்லை. எல்லாத்தையும் ஒயில்ல போடாதீங்க. என்ட ஒஸ்டின் ஏ40 காரின்ர கேம் போனது, புதுக் கேமில பழைய டெப்பட்டைப் போட்டுக் குடுத்ததால. கொஞ்சக் காலத்தில லோப் மழுங்கிட்டு.
மைனர்காரர், இனிச் செய்யிறதைக் கேளுங்க. பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடைகளில கேம் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, டெப்பட் எட்டும் புதுசா வேணும். டெப்பட்டின்ர அடி தட்டையா இருக்கிற மாதிரித் தெரியும், உண்மையில நடு சொட்டு உயரம். அதாலதான் டெப்பட் சுழலும். சுழலாத டெப்பட் ஒரே இடத்தில உரசி லோபைத் தின்னும். லோபிலயும் டெப்பட் அடியிலயும் உரசலைக் குறைக்கிற மொலி பேஸ்ட் பூசுங்க. முதல் ஸ்டார்ட்டில ஐடிலில விடாதீங்க, 2000 ஆர்பிஎம் அளவில 20 நிமிஷம் ஓட விடுங்க. பிறகு ஒயிலும் ஃபில்டரும் மாத்துங்க. அதோட டயல் கேஜ் வைச்சு எட்டு லோபும் எவ்வளவு தூக்குது (லிஃப்ட்) எண்டு எழுதி வையுங்க.

வெள்ளவத்தை மைனர்:
நன்றி அண்ணை. டெப்பட் எட்டுக்கும் சொல்லி வைச்சிட்டன். பழைய கேமைக் கிரைண்ட் பண்ணித் தாறன் எண்டு ஒரு லேத்காரர் சொல்லுறார். ஆராவது செய்து ஓடிப் பார்த்தனீங்களோ?