புதுப்பிப்பு: விளையாட்டுப் பல் காப்புறைக்கு எந்தப் பொருள்?

முந்தைய பதிவில் காப்புறை செய்யப் பயன்படும் ஈவிஏ (எத்திலீன்-வினைல் அசிடேட்), பாலியூரித்தேன் என்ற இரண்டு நெகிழிகளின் ஷோர் ஏ கடினத்தன்மையை (ரப்பர் போன்ற பொருள் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) ஒப்பிட்டிருந்தேன். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அடியைத் தாங்குவதில் தடிமனே முக்கியம்: உருவாக்கி முடித்தபின் முன்பற்களின் உதட்டுப் பக்கம் 3 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். 4 மி.மீ. தாண்டினால் கூடுதல் பலன் சொற்பம். பேசவும் மூச்சுவிடவும்தான் சிரமம்.

சிக்கல் என்னவென்றால், 4 மி.மீ. ஈவிஏ தகட்டைச் சூடாக்கிப் பல் அச்சின்மேல் (பல்வரிசையின் மாதிரி வார்ப்பு) இழுக்கும்போது வெட்டுப்பல் நுனியில் தடிமன் பாதியாகக்கூடக் குறையும். ஆகவே 3 மி.மீ. தகடுகள் இரண்டை அடுக்குவதே என் தேர்வு. முதல் அடுக்கில் ஈரமோ விரல் எண்ணெயோ படிந்திருந்தால் அடுக்குகள் பிரிந்துவிடும்.

ஈவிஏவில் உள்ள வினைல் அசிடேட் விகிதம் கூடினால் அது மென்மையாகும், குறைந்த சூட்டிலேயே இளகும். அதனால் காப்புறையை வெந்நீரில் கழுவாதீர்கள்; வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள்.