புதுப்பிப்பு: வெளிநாட்டிலிருந்து தமிழ்க் கல்யாணத்துக்கு வருபவர்களுக்கு

துணிமணியை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். வேட்டிக்கு அது சரி, சேலைக்குச் சரிவராது. தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

சேலை அன்றே கிடைத்துவிடும், ரவிக்கைதான் கிடைக்காது. சேலை முனையோடு வரும் சுமார் 80 செ.மீ. துணியை வெட்டித் தைக்க வேண்டும், சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக ஃபால்ஸ் என்ற பட்டித் துணியும் அடிக்க வேண்டும். முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வரும் தை, ஆவணி மாதங்களில் தையல்காரர்கள் ஒரு வாரமாவது கேட்பார்கள். அவ்வளவு முன்னதாக வர முடியாதவர்கள் ரெடிமேட் ரவிக்கையே வாங்குங்கள். உள்பாவாடை நாடா வைத்ததாக இருக்கட்டும். கொசுவம் முழுக்க அதில்தான் செருகி நிற்கிறது. இலாஸ்டிக் என்றால் பட்டுச்சேலையின் பாரத்தில் மெல்ல இறங்கிவிடும்.

வேட்டியில் 4 முழம் வேண்டாம், வெளிச்சத்தில் உள்ளே தெரியும். இரட்டையாக மடித்துக் கட்டும் 8 முழம்தான் கௌரவம். கட்டிப் பழகாதவர்களுக்கு இடுப்பில் வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டிக்கோ வேட்டி போதும்.

நேரம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பத்திரிகையில் 'காலை 6.00 – 7.30' என்று இருந்தால் அதற்குள் எப்போது வேண்டுமானாலும் தாலி ஏறலாம். 5.45க்கே உட்கார்ந்துவிடுங்கள். அட்சதையைக் கையில் வைத்திருந்து, கெட்டிமேளம் கொட்டியதும் தூவுங்கள்.

மொய் 500 அல்ல, 501. உறைமேல் பெயரோடு ஊரையும் எழுதுங்கள்.