எல்எஃப்-இல் பெயர் மாற்றம்: 08-க்குப் பிழை, பாதியில் வெட்டுப்படும் தமிழ் எழுத்து

நாஞ்சில்மகள்:
வணக்கம். எங்க அப்பா வில்லுப்பாட்டுக்காரர். கொடைவிழாக்களில் அவர் பாடினது 94 கேசட்டில் இருக்கு. அத்தனையையும் கணினிக்கு ஏத்தியாச்சு, ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு, மொத்தம் 188. முதல் நாற்பதுக்கு அண்ணன் 01, 02 என்று பெயர் வைத்தான், மீதிக்கு நான் 41-லிருந்து 188 வரை. கோப்புகளைப் பார்க்க நான் வைத்திருக்கிற எல்எஃப் நிரலில் வரிசையாத்தான் தெரியுது. ஆனா அப்பா கேட்கிறது காரில், பென்டிரைவில். அங்கே 10 முடிஞ்சதும் 100 பாடுது. கதை நடுவில் முறிஞ்சா அவர் முகம் வாடிப்போகுது.

மூன்று இலக்க எண், கேசட் எண், அ பக்கமா ஆ பக்கமா, பிறகு தலைப்பில் முதல் சில எழுத்துகள். பெயர் இப்படி வரணும். பாஷ் ஷெல்லில் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஒரு கட்டளை எழுதி எல்எஃப்-இல் சேர்த்தேன். 01 முதல் 07 வரை சரி. 08, 09 இரண்டுக்கும் பிழை. 10-லிருந்து மறுபடி சரி! அது போக, சோதனைக்கு ஏழு எழுத்து என்று கொடுத்தால் "வில்லுப்பாட்டு" என்பது "வில்லுப" என்று நிற்குது. ப்-இன் புள்ளியே போச்சு. ஃபிஷ் ஷெல்லில் எழுத்துக்கு ஸ்ட்ரிங், கணக்குக்கு மேத் என்று தனிக் கட்டளைகள் வந்திருக்காமே, அதில் இது தீருமா?

கறுப்புத்திரை:
அக்கா, 08 விவகாரம் ரொம்பப் பழசு. எண் பூச்சியத்தில் தொடங்கினால் பாஷ் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது, அதனால் பிழை. பிழை வந்தது நல்லதுக்குத்தான். நீங்கள் 010 என்று வைத்திருந்தால் சத்தமில்லாமல் 8 என்று கணக்குப் போட்டிருக்கும். பாஷிலேயே இருக்க வேண்டுமென்றால் எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்தால் போதும்.

ஃபிஷ்ஷில் அந்தத் தொல்லை இல்லை. மேத் 08-ஐ எட்டு என்றுதான் படிக்கும். முன்பு அது பிசி (bc) என்ற வெளிக் கணக்கு நிரலைக் கூப்பிட்டுத்தான் கணக்குப் போடும், ஃபிஷ் 3.0-இலிருந்து உள்ளேயே இருக்கிறது. எண்ணை இரண்டால் வகுத்து சீல் (மேல்நோக்கி முழு எண்ணாக்குவது) போடுங்கள்: 137-க்கு 68.5, மேலே ஏற்றினால் 69-ஆம் கேசட். சீல் விட்டுப்போனால் கோப்புப் பெயரில் 68.5 என்றே வந்து உட்காரும். பக்கத்துக்கு இரண்டால் வகுத்த மீதி: 1 என்றால் அ, 0 என்றால் ஆ.

மூன்று இலக்கத்துக்கு ஸ்ட்ரிங் பேட், நிரப்பும் எழுத்து 0, அகலம் 3. சொல்லாவிட்டாலும் இடப்பக்கம்தான் நிரப்பும். ஸ்ட்ரிங் 2016-இல் 2.3-உடன் வந்தது, பேட் மட்டும் 2021-இல் 3.2-இல்தான். டெபியன் 11-இல் இருப்பது 3.1, அதில் தேடாதீர்கள்.

எல்எஃப் அமைப்புக் கோப்பில் ஷெல்லை ஃபிஷ் என்று மாற்றும்போது, பழைய ஷெல்லுக்காக வைத்த ஐஎஃப்எஸ் (பெயர்களைப் பிரிக்கும் குறி) வரியை எடுத்துவிடுங்கள். தேர்ந்தெடுத்த கோப்புகள் எஃப்எக்ஸ் மாறியில் வரிவரியாக ஒரே சரமாக வரும். ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட் போட்டுப் பிரித்தால்தான் ஒவ்வொன்றாகக் கையில் கிடைக்கும். முதல் ஓட்டத்தில், பெயரை மாற்றும் எம்விக்குப் பதிலாகத் திரையில் காட்ட மட்டும் செய்யும் எக்கோ போட்டு 188 பெயரையும் கண்ணால் பாருங்கள். அப்பாவின் குரல், இன்னொரு தடவை கிடைக்காது. உண்மையான ஓட்டத்திலும் எம்விக்கு -என் கொடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று விழாது.

ஒற்றெழுத்து:
புள்ளி போன கதைக்கு ஃபிஷ்ஷுக்கு மாறுவது மட்டும் மருந்தாகாது. "வில்லுப்பாட்டு" நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அது 14 குறியீடுகள்: வ, இகரக் குறி, ல, புள்ளி என்று. ஸ்ட்ரிங் லெங்த் 14 என்றுதான் சொல்லும். ஸ்ட்ரிங் சப் ஏழில் வெட்டினால் அதே "வில்லுப". 3.6-இல் வந்த ஸ்ட்ரிங் ஷார்ட்டன் இன்னும் பொருந்தாது, அது திரையில் பிடிக்கும் அகலத்தை அளக்கிறது.

வழி இருக்கிறது. ஸ்ட்ரிங் மேட்ச்சுக்கு -ஆர், -ஏ கொடுத்து, ஒற்றை மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் மட்டும் எழுதுங்கள். ஃபிஷ் பயன்படுத்தும் வடிவத்தேடல் நூலகமான பிசிஆர்இ2-இல் அதற்கு 'ஒரு முழு எழுத்து' என்று பொருள். வி, ல், லு, ப் என்று பட்டியலாக வரும். அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எடுத்து ஸ்ட்ரிங் ஜாயினால் ஒட்டுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இரண்டிரண்டாக எண்ணப்படும், ஆனால் புள்ளி தனியே உதிராது.

தலைப்பைச் சுருக்குவதும் நல்லதே. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 85 குறியீட்டில் தீர்ந்துவிடும்.

நாஞ்சில்மகள்:
எக்கோவில் ஓட்டிப் பார்த்து, நேற்று ராத்திரி மாற்றிட்டேன். 008, 009 இரண்டும் சரி. 137 தானே "69 அ" ஆயிருச்சு, அந்தக் கேசட்டை எடுத்துப் பார்த்தேன், அதேதான். ரொம்ப நன்றி தம்பி, நன்றிங்க.

இன்னும் ஒன்று மட்டும். எல்எஃப்-இல் "கொடை" என்று தேடினால் நான் பெயரிட்டது மட்டும் வருது. அண்ணன் பெயரிட்ட நாற்பதில் ஒன்றுகூட வரலை. கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கு.

ஒற்றெழுத்து:
அண்ணன் கோப்புகளில் கொ-வின் ஒகரக் குறி ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். உங்களுடையதில் ஒரே குறியீடு. ஸ்ட்ரிங் லெங்த் கேட்டுப் பாருங்கள்: "கொடை" உங்கள் பெயரில் 4, அவருடையதில் 5. பெயரைச் சேமிக்கும்போதே இப்படிப் பிரித்துவிடும் கோப்பு முறைமைகள் உண்டு. ஐசியு என்ற யூனிகோடு மென்பொருள் தொகுப்பிலுள்ள யூகான்வ் நிரலில், பிரிந்ததைச் சேர்க்கும் எனி-என்எஃப்சி என்று கொடுத்து அந்த நாற்பது பெயர்களையும் அதன் வழியே அனுப்புங்கள், 4 ஆகிவிடும். இதற்கும் முதலில் எக்கோ.