கீஸ் டு தி கிங்டம் டூருக்குப் போன யாராவது இருக்கிறீர்களா?

சுகந்தி_திருச்சி:
பிப்ரவரியில் அட்லாண்டாவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போகிறோம், அப்படியே ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டும் பார்ப்பதாகத் திட்டம். என் வீட்டுக்காரர் சிவில் இன்ஜினியர். அங்குள்ள மேஜிக் கிங்டம் பார்க்கின் பின்பக்கத்தைச் சுற்றிக் காட்டும் 'கீஸ் டு தி கிங்டம்' டூரைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டுப் போயே ஆக வேண்டும் என்று நிற்கிறார். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகிறது. பார்க் டிக்கெட்டும் அதில் அடங்குமா? மகளுக்கு 13 வயது, அவளையும் கூட்டிப் போகலாமா? நாங்கள் சுத்த சைவம், நடுவில் சாப்பாடு தருகிறார்களாமே, ஒத்துவருமா?

டாம்பா_மணி:
மகளுக்கு வாய்ப்பே இல்லை. 16 வயதுக்குக் கீழே சேர்க்க மாட்டார்கள், போட்டோ ஐடி கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பின்னே, பாதி வேஷத்தில் ஊழியர்கள் நடமாடும் இடத்தில் சின்னப் பிள்ளைகளை எப்படி விடுவார்கள்! பார்க் டிக்கெட் தனி. டூர் சுமார் ஐந்து மணி நேரம், கிட்டத்தட்ட முழுக்க நடைதான். சாப்பாடு அந்தக் காசிலேயே சேர்த்தி, சைவம் என்று புக் பண்ணும்போதே சொல்லிவிட்டு காலையிலும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். டிஸ்னியின் தளத்திலேயே புக் பண்ணலாம். ஆனால் ரத்து செய்வதென்றால் இரண்டு நாளாவது முன்னால் செய்யணும், இல்லையென்றால் காசு போச்சு.

பாலம்_கட்டுபவன்:
உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். ஊழியர்கள் ஜனங்கள் கண்ணில் படாமல் போய்வருகிற யூடிலிடார் என்ற வழியை எல்லோரும் பூமிக்கடியில் சுரங்கம் என்பார்கள், அது உண்மையில் தரைமட்டத்தில் கட்டியது. ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், அதனால் நடைபாதைகளைத் தரையிலேயே கட்டி, பக்கத்தில் செவன் சீஸ் லகூன் ஏரியைத் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து சுற்றிலும் மேலேயும் நிரப்பிவிட்டார்கள். 1971இல் திறந்த நாளிலிருந்து ஜனங்கள் நடக்கிற தெருவெல்லாம் மாடியில்தான் இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது! கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் கௌபாய் வேஷக்காரர் ஒருவர் எதிர்கால உலகமான டுமாரோலேண்ட் வழியாக வேலைக்குப் போனது வால்ட் டிஸ்னி கண்ணை உறுத்தியதாம், அதில் பிறந்த யோசனை என்று கதை சொல்வார்கள். ஆனால் வால்ட் 1966லேயே இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது குப்பை விஷயம்: கூரையோடு ஓடும் குழாய்களில் காற்றால் உறிஞ்சியே குப்பையை மணிக்கு 60 மைல் வேகம் வரை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தெருவில் ஒரு குப்பை வண்டி கிடையாது.

ரைடு_பைத்தியம்:
எல்லாம் சரிதான், ஆனால் மேஜிக் கிங்டமுக்கு ஒரே ஒரு நாள்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் வேண்டாம். கூட்டம் குறைவான காலை நேரம் முழுக்க இதிலேயே போய்விடும். உள்ளே போட்டோவும் எடுக்க விட மாட்டார்கள். ஊர்வல வண்டிகளைப் பக்கத்தில் பார்ப்பது நன்றாக இருந்தது. சுரங்கம்? என் கண்ணுக்கு ஆஸ்பத்திரி பேஸ்மென்ட் மாதிரிதான்.

சுகந்தி_திருச்சி:
ரொம்ப நன்றி. மேஜிக் கிங்டமுக்கு இரண்டு நாள் இருக்கிறது. அப்போ அவரை மட்டும் அனுப்பிவிட்டு நானும் மகளும் ரைடுகளுக்குப் போகிறோம். இப்போதே முகம் தூக்கி வைத்திருக்கிறாள், அவளுக்கு இப்படி ஏதாவது உண்டா?

டாம்பா_மணி:
டிஸ்னி வேர்ல்டிலேயே இன்னொரு பார்க்கான எப்காட்டில் 'பிஹைண்ட் தி சீட்ஸ்' என்று ஒரு டூர், ஒரு மணி நேரம்தான், வயது வரம்பு இல்லை, விலையும் இதைவிட ரொம்பக் குறைவு. 'லிவிங் வித் தி லேண்ட்' படகில் போகும்போது தெரிகிற பசுமைக் குடில்களுக்குள்ளேயே நடத்திக் கூட்டிப் போவார்கள். மண்ணில்லாமல் வளர்க்கும் காய்கறி, மீன் தொட்டிகள் எல்லாம் உண்டு. அதற்கும் எப்காட் டிக்கெட் தனி. அங்கே போகிற நாளில் அவருக்கு ரைடு, உங்கள் இருவருக்கும் தோட்டம், கணக்கு சரியாகிவிடும்.